பெயின்டர் விசா

ஏறாவூர்,
14.08.2005

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, வாப்பா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் வெயிலில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலையை மூடிக்கொண்டுதான் வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை போனில் உம்மா அழுது முடிக்கவும் கார்ட் முடியவும் சரியாக இருக்கிறது. என் முறை வருவதேயில்லை. ஆகவே கடிதம்.

வாப்பா இனிக் கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுனாமி கொண்டுபோன தோணிக்குப் பதில் புதிது தருகிறோம் என்று வந்தவர்களிடமும் பெயர் கொடுக்கவில்லை. மஜீத் மாமாவின் அரிசிக்கடையில் நிற்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டியூஷனில் என்னோடு சித்திரம் படித்த செங்கலடி சுலோஜனா ஒரு செய்தி கொண்டுவந்தாள். டிசம்பரில் மட்டக்களப்பு டவுனில் ஓவியக் கண்காட்சி. இதுவரை எங்கும் வைக்காத புது ஆட்களுக்கு மட்டும். ஆளுக்கு மூன்று படம் கொடுக்கலாம். தெரிவாகிறவர்களில் சிலருக்குக் கொழும்பில் பயிற்சியும் இருக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்கு இருக்கை கொள்ளவில்லை. ஏறாவூரில் படம் கீறுகிறவர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் உங்கள் பெயரைத்தானே சொல்லும்! அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போன உங்கள் படங்களைக் கொடுக்கட்டுமா?

நானும் ஒன்று கீறி வைத்திருக்கிறேன். அதையும் கொடுத்தால் சிரிப்பீர்களா?

பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
தங்கச்சி கைறுன்னிஸா


தோஹா,
20.09.2005

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கும் உம்மா வாப்பாவுக்கும் என் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், உடம்புக்கு ஒரு குறையுமில்லை. தலையில் துணி கட்டி, அதற்கு மேல் தொப்பியும் போட்டுத்தான் வேலை. உம்மாவிடம் சொல்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? மூன்றையும் கொடு. வாவியில் அஸ்தமனம், கல்லடிப் பாலம், மயில். மயிலின் கழுத்து நீலம் மங்கியிருந்தாலும் நீ கை வைக்காதே, அது மூன்று நிறம் கலந்து எடுத்த நீலம். பிறேம் போடுகிறவனிடம் ஒடுக்கமான கறுப்பு மட்டை கேள். ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நில்.

பெயின்டர் விசா என்றபடியால் இங்கேயும் நாள் முழுக்க நிறத்தோடுதான் என் பாடு. கை மறந்துபோகவில்லை. அறையில் இருக்கிற எல்லோரிடமும் என் படம் கண்காட்சிக்குப் போகிறது என்று சொல்லிவிட்டேன். மலையாளி ஒருவர், "அப்ப நாங்கள் ஒரு கலைஞனோடயா தங்கியிருக்கிறோம்" என்று தன் தலையணையைத் தூக்கி எனக்குத் தந்தார்.

நீயும் ஒன்று கொடு. சின்னதாக. தெரிவாகவில்லையென்றால் மூலையில் இருந்து அழக்கூடாது. தொடக்கத்தில் எனக்கும் கோடு கோணிக்கொண்டுதான் போனது.

துஆவுடன்,
காக்கா பதியுதீன்


ஏறாவூர்,
08.01.2006

அன்புள்ள காக்காவுக்கு,

உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உம்மாவுக்கு இருமல், மருந்து எடுத்து இப்போது பரவாயில்லை. உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

கண்காட்சி நடந்து முடிந்தது. படங்களைக் கொடுக்கப் போன அன்று என்ன மழை! பஸ்ஸில் படங்களை மடியில் வைத்து, குடையை எனக்குப் பிடிக்காமல் படங்களுக்குப் பிடித்துக்கொண்டு போனோம், நானும் சுலோஜனாவும். திறப்பு விழாவில் பிரதம அதிதி வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. வந்தவர் சுனாமியைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு ஒரு படத்தையும் பார்க்காமல் போய்விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், டொக்டர்மார் வந்தார்கள், கொழும்பிலிருந்து ஒரு பெண்மணியும் வந்திருந்தார். என்னுடையதை வாசலோரம், செருப்புக் கழற்றுகிற இடத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். குனிந்து நிமிர்கிறவர்கள் எல்லோரும் அதில்தான் கண் வைக்க வேண்டியிருந்தது.

சுலோஜனாவின் இரண்டு படங்கள் மேடைப் பக்கம்.

உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. வாப்பாவின் பழைய சாரனில் சுற்றி வைத்திருக்கிறேன். மழை படவில்லை.

வேறு புதினம் இல்லை. மஜீத் மாமாவின் கடைக்குள் வெள்ளம் வந்து ஒரு மூட்டை நனைந்தது.

உங்கள் நலம் நாடும்,
கைறுன்னிஸா


தோஹா,
19.02.2006

கைறுன்னிஸாவுக்கு,

ஸலாம். நான் சுகம். உம்மாவின் இருமல் நின்றதா?

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். மழை இருக்கிறது, தேநீர் இருக்கிறது, மூட்டை நனைந்தது கூட இருக்கிறது. என் படங்களை எங்கே மாட்டினார்கள் என்பது இல்லை. மலையாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மயிலைப் பார்த்து என்ன சொன்னார்கள்? யாராவது போட்டோ எடுத்தார்களா? எழுத மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அடுத்ததில் எழுது.

காக்கா


ஏறாவூர்,
02.04.2006

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா தேறிவிட்டார். நீங்களும் சுகமாக இருக்க துஆக் கேட்கிறோம்.

நான் மறக்கவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன்.

உங்கள் படங்கள் தெரிவாகவில்லை, காக்கா. மூன்றும். தெரிவு செய்ய வந்தவர்களில் ஒரு பெரியவர் மயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கை. ஆனா இத நான் எத்தனையோ கலண்டர்ல பாத்திட்டன்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சேர், அந்த நீலத்தக் கிட்ட வெச்சுப் பாருங்க. எண்ட காக்கா மூணு நிறம் கலந்தவர்," என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பாத்தன் மகள்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார்.

பிறகு அந்தக் கொழும்புப் பெண்மணி என்னுடையதை எடுத்து, "இது யார் கீறினது?" என்று கேட்டார். சுலோஜனாதான் என் முதுகில் தள்ளி, "இவள்தான்" என்றாள்.

அது பெரிய படமில்லை. சுனாமி நிவாரணமாய் வெளிநாட்டு உடுப்புகள் குவித்துத் தந்தார்களே, அதில் உம்மாவுக்குக் கம்பளிக் கோட் ஒன்று கிடைத்தது. கொளுத்துகிற வெயிலில் அதை உடுத்துப் பார்த்துவிட்டு எங்கே தொங்கவிடுவது என்று தெரியாமல் நின்றார். அதைத்தான் கீறினேன்.

கொழும்புப் பயிற்சிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். ஜூனில். வாப்பா, "உன்ட காக்காட்டக் கேளு" என்கிறார். போகட்டுமா?

கைறுன்னிஸா


ஏறாவூர்,
11.11.2006

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்கு உம்மாவிடம் பேசினீர்கள், நீங்கள் நலம் என்று தெரிந்துகொண்டேன். பெருநாளிலும் போன் என்னிடம் வரவில்லை. "அவன் உன்னக் கேக்கல்ல மகள், கார்ட் முடிஞ்சி போச்சி," என்றார் உம்மா. கார்ட் முடிந்தால் ஒரு சத்தம் வரும். அது எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் பதில் போடாததால் வாப்பா தானே முடிவெடுத்து, "போய்ப் படிச்சிட்டு வா," என்று அனுப்பினார். கொழும்பில் முதல் வாரம் ஒரு கோடும் கீறவில்லை. ஆள் உயரத் தாள் கொடுத்து, "என்ன வேணுமோ செய்யுங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கோ யாராவது வந்து இப்படிச் செய் என்று அதட்ட வேண்டும் போலிருந்தது. பழகியது அப்படித்தானே. இரண்டாம் வாரம் தரையில் போட்டுக் கீறத் தொடங்கினேன்.

திரும்பி வந்தால் ஊர் வேறு மாதிரி. சண்டை தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கத்துச் சனம் காட்டு வழியாக வருகிறார்கள். ஷெல் போகும்போது எங்கள் யன்னல் கண்ணாடி அடித்துக்கொள்கிறது. செக்பொயின்ற்றில் என் தாள் சுருளை ஒவ்வொரு முறையும் விரித்துக் காட்ட வேண்டும்.

கோபமென்றால் கோபமென்று எழுதுங்கள். வெள்ளைத் தாளையாவது மடித்து அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி


ஏறாவூர்,
25.04.2007

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். இந்த நாட்களில் முதலில் எழுத வேண்டியது அதுதான்.

பின்வீட்டு இஷாம் தோஹாவிலிருந்து லீவில் வந்து நீங்கள் கொடுத்த பெட்டியைத் தந்தார். இவ்வளவு நல்ல பெயின்ட்டை நான் கொழும்பிலும் தொட்டதில்லை. ட்யூப் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடியிலுள்ள மட்டையையும் தூக்கிப் பார்த்தேன். கடிதம் இல்லை. "ஒண்டும் சொல்லல்லயா?" என்று இஷாமிடம் கேட்டேன். "கவனமாக் கொண்டு போ எண்டார். அவ்வளவுதான்," என்றார்.

படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் செங்கலடியில் கூடாரங்களில் இருக்கிறார்கள். நானும் சுலோஜனாவும் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுக்கிறோம். உங்கள் பச்சை அங்கேதான் முடிந்தது. வயல், வயல், வயல் என்று ஒரே வயலாகக் கீறித் தள்ளுகிறார்கள். கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டேன், பொய் சொல்லக் கூடாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைப்பதென்று பேசிக்கொண்டிருக்கிறோம். எப்போது, எங்கே, ஒன்றும் தெரியாது. பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும்.

பெட்டிக்கு நன்றி என்று எழுத நினைத்தேன். அது போதாது போல இருக்கிறது.

கைறுன்னிஸா


தோஹா,
10.01.2008

கைறுன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். எனக்கு முதுகு வலி, வேறொன்றுமில்லை.

நீண்ட நாளாக எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன், அதனால்தான் எழுதவில்லை.

படம் தெரிவாகவில்லை என்ற உன் கடிதம் வந்த அன்று அறையில் இருந்தவர்கள், "என்னாச்சு, என்னாச்சு?" என்று சுற்றி நின்றார்கள். "முதலாம் இடம்," என்றேன். அவர்கள் பிரியாணி வாங்கி வந்து கொண்டாடினார்கள். நானும் சாப்பிட்டேன்.

பெயின்டர் விசாவில் வந்தேனே, இங்கே என்ன பெயின்ட் தெரியுமா? இரும்புத் தூண்களுக்குத் துருப்பிடிக்காமல் அடிக்கிற சாம்பல் நிறம். ரோலரால். வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான். இஷாமுக்கும் தெரியும், சொல்ல வேண்டாமென்று கேட்டிருந்தேன். அந்தப் பெட்டி எனக்கென்று வாங்கியது. மூடியைத் திறக்கக் கை போகவில்லை. அதனால் உனக்கு வந்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தது உனக்கு. குவைத்தில் வீட்டு வேலைக்கு ஏஜன்ட் எல்லாம் சரிபண்ணிவிட்டு வந்து நின்றான். உம்மா அழுதுகொண்டு நின்றார். "தங்கச்சி போகத் தேவல்ல, நான் போறன்," என்றது நான். நான் இங்கே வந்தபடியால் நீ அங்கே இருந்து கீறுகிறாய். நான் வராமலிருந்தால் அந்த வாசலோரம் தொங்கியிருக்கப் போவது யாருடைய படம்? இதை நீ ஒரு நாளாவது நினைத்தாயா?

அனுப்ப வேண்டாம் என்று தோன்றுவதற்குள் தபாலில் போடுகிறேன்.

பதியுதீன்


ஏறாவூர்,
16.06.2008

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முதுகு வலிக்கு உம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார், கொண்டுவர ஆள்தான் இல்லை. வாப்பாவும் உம்மாவும் சுகம்.

நினைத்தாயா என்று கேட்டிருந்தீர்கள். பிறஷ் எடுக்கிற ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். குவைத்தில் யாருடைய வீட்டிலோ பாத்திரம் கழுவ வேண்டிய கை இது. கோடு பிழைத்தால், இதற்காகவா அவர் போனார் என்று தோன்றுகிறது. சரியாக வந்தால் இன்னும் மோசம், உங்களிடமிருந்து எதையோ எடுத்துவிட்டது போல. ஒரு தடவை வேண்டுமென்றே கெடுத்துக் கீறிப் பார்த்தேன். நன்றிக்காக மோசமாகக் கீற எனக்கு ஏலாது, காக்கா.

ஒன்று சொல்வேன், கோபித்தால் கோபியுங்கள். நீங்கள் ஊரில் இருந்திருந்தாலும் அன்று மயிலைத்தான் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பெரியவரும் அதையேதான் சொல்லியிருப்பார். உங்களைப் போக வைத்தது நான். உங்கள் படத்தைத் தள்ளிவைத்தது நானில்லை. இரண்டையும் ஒன்றாக என் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் கண்காட்சி நின்றுபோனது. போன மாதம் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் இடையில் மறுபடி கொலை, ஹர்த்தால், ஊரடங்கு. செங்கலடி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் இவர்கள் அங்கே போவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. என் படங்கள் பாதி சுலோஜனா வீட்டில் மாட்டிக்கொண்டன. ஒரு நாள் பொறுக்காமல் எங்கள் தெரு முடிகிற இடம் வரைக்கும் போய் நின்றேன். பெரிய ரோட்டில் ஒரு சைக்கிள் கூட இல்லை. வாப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "விசரா உனக்கு?" என்றார்.

அன்றிலிருந்து அந்த ரோட்டைத்தான் கீறிக்கொண்டிருக்கிறேன்.

கைறுன்னிஸா


ஏறாவூர்,
05.06.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல் நலத்தையும் மன நலத்தையும் அல்லாஹ் பாதுகாக்கட்டும். போன நோன்பில் நீங்கள் போனில் என்னைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கார்ட் முழுவதும் நான்தான் வீணாக்கினேன்.

யுத்தம் முடிந்ததென்று இங்கே வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். நான் சுலோஜனா வீட்டுக்குப் போனேன். அவளுடைய தம்பி உதயரூபன் வன்னியில் இருந்தவன், ஒரு தகவலும் இல்லை. அவளுடைய அம்மா யார் வந்தாலும் எழும்பி வாசலுக்கு ஓடுகிறார். நான் என் படங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள்தான், "நாளக் குறி கைறு. இந்த வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு விசர் பிடிச்சிரும்," என்றாள்.

டவுனில் பெரிய விழா நடக்கப்போகிறது, புதிய கலைஞர்களுக்கும் இடம் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "பிள்ளைகள், கொஞ்சம் சந்தோசமா ஏதும் இல்லையா? பூ, புறா, அப்பிடி?" என்றார். சுலோஜனா படங்களை அடுக்கினாள். இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லாமல் வெயிலில் நடந்தோம்.

செங்கலடியில் ஒரு டியூஷன் மண்டபம் கேட்டிருக்கிறோம். ஓகஸ்ட்டில், பிள்ளைகளின் விடுமுறையில். உட்காருகிற வாங்குகளைப் பின்னால் அடுக்கிவிட்டுச் சுவரில் மாட்டலாம். விளக்கேற்ற யாரையும் கூப்பிடப் போவதில்லை.

உங்கள் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறதாம், உம்மா சொன்னார். வருவீர்களா, காக்கா?

எதிர்பார்த்திருக்கும்,
கைறுன்னிஸா


தோஹா,
27.11.2009

அன்புத் தங்கச்சி கைறுன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். உம்மாவின் எண்ணெய் பையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டது, மிச்சம் முதுகுக்குப் போதும். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுதுவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஊரில் நின்ற நாளெல்லாம் உன் படங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாய், பிறகு கறியைப் பார்ப்பாய். நான் கண்டேன். வாயைத் திறந்தால் பிழைதான் பிடிப்பேன் என்று பயந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவேன்.

கண்காட்சி தொடங்கிய நாள் சனத்தோடு சனமாக வந்து போனேன். அடுத்த நாள் நீ வருவதற்கு முன் காலையில் மறுபடியும் போனேன், அது உனக்குத் தெரியாது. சுலோஜனா மண்டபத்தைத் திறந்துகொண்டிருந்தாள். "வாங்க அண்ணன். ஒருத்தரும் இல்ல, ஆறுதலாப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அந்த ரோட்டுப் படத்துக்கு முன்னால் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. கரண்ட் கம்பி நேராக இல்லை, மண்ணின் நிறம் சரியில்லை. மறுகா அதெல்லாம் கண்ணில் படவில்லை. நானென்றால் அந்த ரோட்டில் ஒரு பஸ்ஸை ஓட விட்டிருப்பேன். இரண்டு தென்னையும், பின்னால் ஒரு சூரியனும் வைத்திருப்பேன். வெறுமையாக விட எனக்கு மனம் வந்திருக்காது. நீ விட்டிருக்கிறாய். யாராவது வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்தபோது, "உங்கட தம்பியப் பத்தி ஏதும்?" என்று சுலோஜனாவிடம் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். பிறகு, "படம் எப்பிடி அண்ணன்?" என்றாள். "அவளுக்கு நான் சொல்லிக் குடுத்ததில ஒண்டும் அதில இல்ல," என்றேன். அவள் அதை எப்படி எடுத்தாளோ தெரியாது. நான் நல்லதாகத்தான் சொன்னேன்.

வாப்பா, "ஊரோட இரு மனே, கடையெல்லாம் திறக்கிறாங்க, பலகை எழுத ஆள் தேடுறாங்க," என்றார். இருந்திருக்கலாம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இங்கே திரும்பி வர நான்தான் கையெழுத்துப் போட்டேன். இங்கே எனக்குக் கீழே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், நானும் இந்த வேலைக்குப் பழகிவிட்டேன். ஊரில் இருந்தால் உன்னோடு அளந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வேதனை எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். முதல் தடவை உனக்குப் பதிலாக வந்தேன். அது ஜூலையோடு முடிந்தது. இந்தத் தடவை எனக்காக வந்திருக்கிறேன், அதில் உனக்குப் பங்கில்லை.

ஜனவரியில் கொழும்பில் நீங்கள் இருவரும் படம் வைக்கப்போவதாக இஷாம் போனில் சொன்னான். நீ எனக்குச் சொல்லவில்லை. மறுபடியும் மழையையும் தேநீரையும் எழுதி அனுப்பப் பார்க்கிறாயா? எந்தப் படம் தெரிவானது, எங்கே மாட்டினார்கள், யார் என்ன சொன்னார்கள், ஒன்று விடாமல் எழுது. வாசித்தால் எனக்கு எரியும். எரிந்தாலும் பதில் போடுவேன்.

காக்கா பதியுதீன்